கண்ணாடியில் ஒட்டிய திருநீறு

இம்மாகுலேற்றின் பொறாமை சாதாரணப் பொறாமை இல்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, எண்பத்தாறில் தனியாக லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே அறை எடுத்திருந்தவள். கணவர் பஸ்தியாம்பிள்ளை கொழும்பில் விசாவுக்குக் காத்துக் கிடந்தார். ஸ்டேஷனில் புருஷனும் பெண்சாதியுமாக யார் போனாலும் அவளுக்கு வயிறு எரியும். புதுச் சீலை கண்டாலும் எரியும்.

அவளுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. விடியற்காலையில் அவள் துப்புரவு வேலைக்குப் போகும் மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நின்ற மாதா.

யானைத் தந்தத்தில் செதுக்கிய மாதா, ஒரு சாண் உயரம். பல நூறு வருடங்களுக்கு முன் பிரான்சில் யாரோ ஒரு சீமாட்டி வீட்டில் வைத்துச் செபிக்கச் செய்வித்ததாம். தந்தம் வளைந்த பக்கம் மாதாவும் வளைந்து, பாலனை இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளை தூக்கின எவளும் அப்படித்தான் நிற்பாள் என்பது இம்மாகுலேற்றின் முடிவு. தினமும் கண்ணாடியைத் துடைத்து, விரலை முத்தமிட்டு அதில் தொட்டு, "அவரைக் கொண்டுவந்து சேர் தாயே" என்பாள். பிறகு அந்த விரல் அடையாளத்தையும் துடைத்துவிடுவாள்.

தொண்ணூற்றிரண்டில் கமலாம்பிகை வேலைக்குச் சேர்ந்தாள். கோப்பாய்ச் சைவப் பெண், இளையவள். அவள் புருஷனும் கொழும்பில்தான். வாய் சும்மா இராமல் இம்மாகுலேற்தான் மாதாவைக் காட்டினாள். அடுத்த நாள் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு தீற்றல். நெற்றியை முட்டிக் கும்பிட்டதில் ஒட்டிய திருநீறு. துடைத்தாள். மறுநாளும் இருந்தது.

"பிள்ளை, இது உங்கட கோயிலில்லை."

"மாதாவும் அம்மாள்தானே அக்கா."

சண்டை பிடிக்கவும் வழியில்லை. அழுத்தித் துடைத்ததுதான் மிச்சம்.

கோடை முடியுமுன் கமலாம்பிகை கற்கண்டோடு வந்தாள். "இவருக்கு விசா கிடைச்சிட்டுது அக்கா. வாற மாசம் வாறார்."

இம்மாகுலேற் கற்கண்டை வாங்கிப் பைக்குள் போட்டாள். வாயில் வைக்க மனம் வரவில்லை. இத்தனை வருடம் துடைத்தவள் நான், நேற்று வந்தவளுக்கா கொடுத்தாய் என்று மாதாவோடும் கோபம் வந்தது. பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்பிடி என்னெண்டு கேட்டனீர்?"

"முதல்ல உங்கட அவரைக் கொண்டுவரச் சொல்லித்தான் கேட்டனான். நீங்கள் கனகாலம் காத்திருக்கிறியள். பிறகுதான் என்ர ஆளைச் சொன்னனான்."

இம்மாகுலேற்றுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கம் கொஞ்ச நேரம்கூடத் தங்கவில்லை. முதலில் கேட்டதை விட்டுவிட்டு மாதா இரண்டாவதை எடுத்திருக்கிறாள். இது இன்னும் மோசம்.

மறுநாள் அவள் திருநீற்றைத் துடைக்கவில்லை. மாதாவுக்கு அந்தத் தீற்றல்தான் பழகிவிட்டதோ என்னவோ. கமலாம்பிகை குள்ளம். இம்மாகுலேற் முழங்காலை மடித்துக் குனிந்து, அதே இடத்தில் தன் நெற்றியை வைத்து அழுத்தினாள்.

வாளியோடு வந்த கமலாம்பிகை, நிமிர்ந்தவளின் நெற்றியைப் பார்த்தாள்.

"இண்டைக்கு விபூதிப் புதனே அக்கா?"

கோயிலில் நெற்றிக்குச் சாம்பல் பூசும் அந்தப் புதன் மாசியிலேயே போய்விட்டது. அது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை.

"ஓம்," என்றாள் இம்மாகுலேற். "கொஞ்சம் தள்ளி நில்லும். நான் இன்னும் கேட்டு முடியேல்லை."