காணாமல் போன பதினாறு பக்கம்

அந்தத் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவளுக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாக வெட்டுகிறாள். அறுபது மடிப்புத் துணியை அடுக்கிக் கொடுத்தாலும் ஒரு நூல் பிசகாது. கை அவ்வளவு சுத்தம். வாயைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் நாலு பேர் கதைப் புத்தகம் படித்தார்கள்: கத்தரி, சட்டைகளுக்கு இஸ்திரி போடும் அயர்ன் அக்கா, பட்டன் தைக்கும், மூன்று பிள்ளை பெற்றும் வாய் ஓயாத பட்டன், தைத்து வந்ததில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் அக்கா. புத்தகம் ஒன்று, ஆள் நாலு, பொறுமை யாருக்கும் கிடையாது. கத்தரிதான் வழி கண்டுபிடித்தாள். பழைய பேப்பர் கடையில் தடிப் புத்தகமாகப் பார்த்து வாங்குவாள். முதுகைப் பிரித்து நாலாக வெட்டி, ஜீன்ஸ் தைக்கும் ஊசியால் ஒவ்வொரு பங்கையும் தனியாகத் தைத்துவிடுவாள். கையில் கிடைத்த பங்கிலிருந்து அவரவர் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இதனால் ஒரு சட்டம் உண்டாயிற்று. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஒவ்வொருத்தியும் தன்னிடம் உள்ள பங்கில் கதை என்ன ஓடுகிறது என்று சொல்லியாக வேண்டும், ஒளிக்கக் கூடாது. நடுவில் குதித்தவளுக்கு ஆரம்பம் படித்தவள்தானே கை கொடுக்க வேண்டும்? முடிவைப் படித்தவளும் சொல்லிவிடுவாள். முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் பேச்சு.

அந்தத் தடவை வந்தது அட்டை கிழிந்து, பெயர்கூடத் தெரியாத நாவல். இரண்டு சகோதரிகள்; சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோகிறது. கடைசியில் மூத்தவள் மழையில் நனைந்துகொண்டு தங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. அதோடு முடிந்தது. பட்டன் இரண்டு நாள் சண்டை போட்டாள், இதெல்லாம் ஒரு முடிவா என்று. பெரிய எழுத்தாளர்கள் அப்படித்தான், மிச்சத்தை நம் கையில் விட்டுவிடுவார்கள் என்று செக்கிங் அக்கா விவரம் தெரிந்தவள் மாதிரி அடித்துவிட்டாள்.

 அயர்ன் அக்காவுக்கும் ஒரு தங்கை உண்டு. அம்மா செத்த வீட்டில், கடைசி வரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது யார் என்று பேச்சு வந்து, வாய் தவறி ஒரு சொல் விழுந்து, பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆயிற்று. புதன்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். கதையில் அவள் போனாள், நானும் போகிறேன் என்றாள்.

வியாழக்கிழமை கத்தரி துணியில் வைத்து வரையும் பேட்டர்ன் அட்டைகளை இழுத்தபோது, வெட்டு மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு தாள் கட்டு விழுந்தது. பதினாறு பக்கம். அதே எழுத்து, அதே மஞ்சள் காகிதம். அந்த நாவலின் கடைசிக் கட்டு, பங்கு போடும்போது நழுவியிருக்கிறது.  பத்தொன்பது வருஷத்தில் வெட்டிய சட்டைக் கைத் துண்டு ஒன்றைக்கூடத் தொலைத்தவளில்லை அவள்.

நின்றபடியே படித்தாள். தங்கை கதவருகே வருகிறாள். யாரென்று கேட்கிறாள். அக்கா பெயர் சொல்கிறாள். தங்கை விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறாள். மிச்சப் பக்கமெல்லாம் மூத்தவள் நடந்து திரும்புவதுதான்.

கொடுத்தால் அக்கா போக மாட்டாள். கொடுக்காவிட்டால், பொய்யை நம்பிப் போவாள். வெள்ளியும் சனியும் சாப்பாட்டு மேஜையில் கேட்டபோது தன்னிடம் ஒன்றும் ஓடவில்லை என்றாள் கத்தரி. சட்டம் போட்டவளே அதை உடைத்தாள்.  ஒருவேளை அக்காவின் தங்கை கதவைத் திறந்துவிட்டால், என்ற நப்பாசை ஒன்றுதான் துணை.

திங்கட்கிழமை அயர்ன் அக்கா வந்தாள், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள், முதல் சட்டையை எடுத்துப் போட்டாள். பட்டன் விடுவாளா? குடைந்து குடைந்து கேட்டாள். தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். திரையை இழுத்துவிட்டாளாம். அவ்வளவுதான்.

மற்றவர்கள் எழுந்து போகும் வரை காத்திருந்து, கத்தரி அந்தப் பதினாறு பக்கத்தை இஸ்திரி மேஜையில் வைத்தாள். என்றைக்குக் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அக்கா நிதானமாகப் படித்தாள். வேலைக்குத் திரும்பச் சங்கு ஊதியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அவளுக்கும் தொறக்கலையா?" என்றாள் கடைசியில்.

"இல்லக்கா."

"வியாழக்கிழமையே கெடச்சும் வாயைத் தொறக்கலையே நீ. ரெண்டு நாளும் என் மூஞ்சிய பாத்துக்கிட்டுதானே உக்காந்திருந்த?"

 தப்புதான் என்றாள் கத்தரி. கொடுத்திருந்தால் போயிருக்க மாட்டீர்கள் என்று பயந்ததையும் சொன்னாள்.

"போயிருக்கவே மாட்டேன்" என்றாள் அக்கா. ஒரு சட்டையை விரித்து, காலரை நீவினாள். "போகாம இருந்திருந்தா, போயிருந்தா தொறந்திருப்பாள்னு சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

அது திட்டா, சமாதானமா என்று கத்தரிக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. அக்கா அந்தத் தாள்களை இரண்டாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கத்தரி தன் மேஜைக்குப் போய் அடுத்த துணியை விரித்தாள்.