தேவதாரு நட்ட ஆறு

விக்டோரியா மகாராணி காலத்து மொன்ட்ரியாலில் நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். மொன்ட்ரியாலுக்கு எதிர்க்கரையிலுள்ள லொங்குய்யில் ஒரு வியாபாரியைக் கொன்றவன், தை மாத விடியலில் வள்ளம் ஏறி ஆற்றைக் கடந்து மொன்ட்ரியாலுக்குத் தப்புகிறான். முழுக் கதையும் அந்த வள்ளத்தை நம்பியே நின்றது.

என் கணவருக்கு லொங்குய்யில்தான் வேலை. ஆற்றுக்குக் கீழே ஓடும் மெட்ரோவில் தினமும் போய் வருகிறவர். கையெழுத்துப் பிரதியை வாசித்துவிட்டுக் கேட்டார்.

"தை மாசத்திலை வள்ளம் எப்பிடியப்பா ஓடும்? ஆறு உறைஞ்செல்லோ கிடந்திருக்கும்?"

"இப்பவும் தை மாசம் கப்பல் போகுதுதானே?"

"இப்ப ஐஸ் உடைக்கிற கப்பல் முன்னாலை போகுது. அப்ப ஆர் உடைச்சது?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. பாதி நாவல் போய்விட்டது. விடுவதில்லை என்று மறுநாளே நூலகத்துக்குப் போனேன். பழைய படங்கள் இருந்த பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார்கள். ஒன்றில் உறைந்த ஆற்றின் மேல் நீளமாக ஒரு பாதை. குதிரை வண்டிகள் சறுக்கிப் போகின்றன. பாதையின் இரு பக்கத்திலும் சின்னச் சின்ன தேவதாருக் கன்றுகள்.

ஆற்றில் மரம் எப்படி முளைக்கும்? நூலகப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். பனிப்புயலில் பாதை மறைந்துவிடும் என்றார். வழி தவறாமலிருக்க ஐஸில் துளையிட்டு மரங்களை நட்டுவைப்பார்களாம்.

அந்தச் சனிக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு லொங்குய் கரைக்குப் போனேன்.

"இந்தக் குளிருக்கை என்னத்தைப் பாக்கப் போறீர்?" என்றார்.

"என்ரை கொலைகாரன் என்னத்தைப் பாத்திருப்பான் எண்டு பாக்கப்போறன்."

நடுவில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. ஓரத்தில் மட்டும் ஐஸ் பாளங்கள். மொன்ட்ரியால் பக்கமிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. இமை மயிர்கள் ஒட்டிக்கொண்டன. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. தலை குனிந்தால் சில அடி தூரம்தான் தெரிந்தது.

அப்போதுதான் பிடிபட்டது. இந்தக் காற்றில் அவனைத் துரத்தி வருகிற பொலிஸ்காரனும் குனிந்துதான் நடப்பான். அக்கரையைப் பார்த்து அல்ல, அடுத்த மரத்தைப் பார்த்து.

"கொலைகாரன் மரங்களைப் பிடுங்கி மாத்தி நட்டா?" என்றேன்.

கணவர் நடுவில் ஓடிய கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார். "மெல்லிய ஐஸ் இருக்கிற பக்கமா?"

"ஓம்."

"பாவம் அந்தப் பொலிஸ்காரன்," என்றார். "சரி, வாரும். முதல்லை ஒரு கோப்பி குடிப்பம்."

வள்ளம் வந்த பக்கங்கள் எல்லாவற்றையும் அழித்தேன். நான் ஆசையாகப் படைத்த வள்ளக்காரனும் அவற்றோடு போனான். வேறு வழியில்லை. பங்குனி முடிவதற்குள், உறைந்த ஆற்றின் மேல் நடக்கும் அத்தியாயத்தை எழுதி முடித்தேன்.