தேவகுமாரைத் தேடித் தோண்டிய வியாழக்கிழமை

கருங்கல் ஊர்ப்பக்கம் நாலுவழிச்சாலை வருகிறது என்றதும் எல்லாருக்கும் வீட்டைப் பற்றிக் கவலை. ரெஜிலாவுக்கு மட்டும் புருஷனைப் பற்றி. புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்தப் பக்கத்தில் செத்தவர்களை அவரவர் விளையிலேயே, வீட்டுத் தோட்டத்திலேயே அடக்குவதும் உண்டு. தேவகுமாரும் அடுக்களைக்குப் பின்னால், பக்கத்து விளை ஐயப்பனின் பிலாமரத்தை ஒட்டித்தான் கிடந்தார். ரெஜிலா நாள் முழுக்க அண்டியாபீஸில் முந்திரிப்பருப்புக்குத் தோல் உரித்துவிட்டு வந்து, மீன் கழுவிக்கொண்டே அவரிடம் பேசுவாள். உயிரோடு இருந்தபோது மனுஷன் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

ரோட்டுக்கு அளந்தவர்கள் வீட்டை விட்டுவிட்டு, பின்பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். கோடு ஐயப்பனின் வேலியோரம் நின்றது. மேலக்குளத்தில் பாதியைச் செம்மண் போட்டு மூடினார்கள். ரெஜிலாவின் கிணறு வற்றியது. டிப்பர் லாரித் தூசியில், துவைத்த துணி காய்வதற்குள் மறுபடி துவைக்கிற பதத்துக்கு வந்துவிடும். இவ்வளவும் எதற்கு? திருவனந்தபுரத்துக்கு அரைமணி நேரம் முந்திப் போகலாமாம். ரெஜிலாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வேலையும் கிடையாது.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வரும் என்று ஆள் வந்து சொன்னான். முன்வாசலில் செப்டிக் டேங்க் போக மிச்சமிருந்த இடத்தில் ஒரு கோழியைக்கூட அடக்க முடியாது. தோண்டி எடுத்துக்கொண்டு போனால் கருங்கல்லில் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவார்கள். பஸ் பிடித்துப் போய்த்தான் புருஷனிடம் பேச வேண்டும். மனசில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் போதகர் வந்தார். தம்பி டெனிஷும் இன்னொரு ஆளும் அடுக்களைக்குப் பின்னால் நின்ற சிலுவைக்கு அடியில் இடுப்பளவு தோண்டினார்கள். கிடைத்தது கைபடாத கல்மண்.

"அக்கா, அத்தானைக் காணேல்லியே! எழும்பிப் போயிட்டாரா?" என்றான் டெனிஷ்.

போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

ரெஜிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் செத்து நாலாம் வருஷம் பிலாவிலிருந்து ஒரு சக்கைப்பழம் விழுந்து சிலுவையின் கை ஒடிந்தது. மரத்தை வெட்டச் சொன்னாள். ஐயப்பன் மாட்டேன் என்றார். தெருவே கேட்கிற மாதிரி சண்டை. அந்தக் கோபத்தில் சிலுவையைப் பிடுங்கி, கொப்பு எட்டாத இடமாகப் பார்த்து நட்டாள். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம்? ஓர்மையில்லை. அஞ்சு வருஷமாக வெறும் மண்ணிடம் பேசியிருக்கிறாள். குழிக்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தச் சண்டையிலிருந்து ஐயப்பனோடு பேச்சில்லை. இவள் கிணறு வற்றியதும் அவர் வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குப் பிரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். இவளும் அவர் கிணற்றில் வாளி இறக்கி வெள்ளம் கோரினாள், ஒன்றும் சொல்லாமல்.

இப்போது அந்த வழியாக அவரே வந்தார்.

"அங்க என்னலே, கெழங்கா தோண்டுதிய? இஞ்ச வாங்க."

மரத்து மூட்டிலிருந்து மூணு எட்டு வைத்தார். "தலை இஞ்ச. காலு அங்கோட்டு. அன்னைக்கு மழையில குழி வெட்டுனது நானாக்கும்."

தோண்டினார்கள். பெல்ட்டின் பித்தளைக் கொக்கிதான் முதலில் வந்தது. ரெஜிலா அதை முந்தானையில் துடைத்தாள். எலும்புகளை வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"எங்க கொண்டு போற, பிள்ளே?"

"கருங்கல்லுக்கு."

"பஸ்ஸுலயா? எனக்க விளையில அப்பாவுக்குப் பக்கத்துல எடம் கெடக்கு."

"அண்ணே, வீட்டுல ஏசமாட்டாவளா?"

"அவ ஏசாத நாளு எது? அப்பா இருவது வருசமா ஒத்தைக்குக் கெடக்காரு. உனக்க மாப்பிள சீட்டு வெளையாடுவான்லா?"

"விளையாடுவாரு. கள்ளாட்டம்."

"அப்பாவும் அப்பிடித்தான்."

போதகர் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

மறுநாள் ஜேசிபி, ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் அடுக்களைப்புறத்தை நிரப்பாக்கிவிட்டது. சாயந்திரம் ரெஜிலா புதுக் குழிமேட்டுக்குப் போனாள். ஐயப்பன் கொஞ்சம் தள்ளி வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதை நேரே சொல்ல அவளுக்கு வரவில்லை. அதனால் புருஷனிடம் சொன்னாள், ஐயப்பனுக்கும் கேட்கிற சத்தத்தில்:

"கேட்டியளா? ஐயப்பண்ணன் நல்லா இருக்கணும். நீங்களும் அங்க ஆண்டவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

வாழைமூட்டில் மண்வெட்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது.