பட்டு மூட்டைக்கு மட்டும்

நாளை நானும் பட்டு வியாபாரி நண்பரும் பினாங்குக்குக் கப்பலேறுகிறோம். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு உட்கார்ந்திருக்கிறார். கப்பல் மூழ்கினால் சேலை மூட்டைகளுக்குப் பணம் வரும். அதற்கு நண்பர் கையெழுத்துப் போட்டாயிற்று.

“உங்க உயிருக்கும் எடுத்துடுங்க. பணம் உங்க சம்சாரத்துக்கு வரும்” என்கிறார் ஏஜெண்டு.

உள்ளேயிருந்து நண்பரின் மனைவி ஓடி வருகிறார். கையில் தாலியை இறுகப் பிடித்திருக்கிறார்.

“இதுக்கு வெல பேசுறீங்களா? பணத்துக்கு ஆசைப்பட்டுக்கினு புருஷனைக் கப்பல்ல ஏத்துனாள்னு ஊரு பேசாதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நண்பர் பேனாவை மூடுகிறார். மூட்டைகளுக்கு மட்டும் பயமில்லை.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்புகிறார்.

“நீங்களும் எடுத்துக்கினீங்களா, அண்ணா?”

“ஐயோ, இல்லைம்மா” என்கிறேன்.

என் பாலிசி சட்டைப்பையில் இருக்கிறது. அதில் என் மனைவியின் பெயர்.