முகமூடி, மாண்டரின், மினிட்ஸ்

போன மாதம் ஒரு வில்லனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல... விதிப்படி!

ஓய்வுபெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், நடை போவார்கள். நான் மல்யுத்தத்தில் இறங்கினேன். பயப்படாதீர்கள், யாரும் யாரையும் தொடுவதில்லை. எங்கள் புறநகரான ஒனிஹங்காவில் ஒரு கஃபேயின் பின்னறையில் சனிக்கிழமை காலை ஒன்பது தமிழர்கள் கூடுகிறோம். ஆளுக்கு ஐந்து கற்பனை மல்லர்கள். முறைவைத்து ஒருவர் கதை எழுதுவார்: யார் வெல்வது, யார் துரோகம் செய்வது, யார் நாற்காலியால் அடிப்பது. மற்றவர்கள் கேட்டுவிட்டுச் சண்டை போடுவோம்.

நான் செயலாளர். வேறு யார்? முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன். குழுவுக்கு இருபத்திரண்டு விதிகள். எல்லாம் என் கைவண்ணம்.

முறை சுகிர்தாவுக்கு வந்தது. மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டு வருடமாக வந்து உட்கார்ந்து, "ஓம்" என்பதைத் தவிர அதிகம் பேசாதவர். முதல் தடவையாக எழுதினார்.

அதுவும் எப்படி! முகமூடி போட்ட ஒருவன் பார்வையாளர்களின் முதல் வரிசையில் வந்து உட்காருகிறான். சவால் விடவில்லை. கத்தவில்லை. ஒரு மாண்டரின் பழத்தை உரித்து நிதானமாகத் தின்கிறான். தோலை மேடையின் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகிறான். அந்த மூலையில் நின்றவன் அடுத்த வாரம் தோற்கிறான்! மூன்றாவது வாரம் தோல் வந்து உட்கார்ந்தது எங்கள் சாம்பியனின் மூலையில்.

சாம்பியனைப் படைத்த தேவராஜ், மலேசியாக்காரர், துடித்துப்போனார். "யாரு லா அவன்? சொல்லும்மா, எனக்குச் சோறே எறங்கல!"

"வாற சனி முகமூடியைக் கழட்டுவான் அண்ணை. பொறுங்கோவன்."

சுகிர்தாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவன் சாம்பியனின் தம்பி! இரண்டு வருடத்துக்கு முன் தேவராஜே காலை உடைத்துக் கதையை விட்டு அனுப்பி, அப்படியே மறந்துபோன தம்பி. ஒருவர் கைவிட்ட பாத்திரத்தை இன்னொருவர் எடுக்கச் செயலாளரின் அனுமதி வேண்டும் — விதி பதினான்கு. கேட்டார், கொடுத்தேன். கொடுத்த அனுமதியைக் கூட்டக் குறிப்பில், அதாவது மினிட்ஸில், பதிய வேண்டும் — விதி பதினைந்து. பதிந்தேன். மினிட்ஸை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் — விதி பதினாறு...

அனுப்பினேன்.

அரை மணியில் சுகிர்தாவின் போன். "அங்கிள், என்ன செய்து வச்சிருக்கிறியள்? மூண்டாம் பக்கத்தில அவன் ஆரெண்டு போட்டிருக்கு!"

அழித்துவிடலாமா? அதற்குள் ஏழு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். பார்த்தாயிற்று!

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். "ஒருக்கா எழுதிப் பாப்பம் எண்டு நினைச்சன். எனக்கு இது சரிவராது அங்கிள். சனிக்கிழமை வாசிச்சுப்போட்டு நிப்பாட்டுறன்."

இரண்டு வருடம் சேர்த்த தைரியம், ஒரு பத்தியில் போயிற்று. இதற்குப் பரிகாரம் எந்த விதியில்?

சனிக்கிழமை சுகிர்தா தலை நிமிராமல் வாசித்தார். முகமூடி கழன்றது.

நாற்காலி விழும் சத்தம். தேவராஜ் எழுந்து நிற்கிறார்! "ஐயோ... தம்பியா? நான் கால ஒடச்சி அனுப்புன பயலா? மறந்தே போயிட்டேனே லா!"

அறை முழுக்கக் கைதட்டல். சுகிர்தா இப்போதுதான் நிமிர்ந்தார்.

நான் தேவராஜைப் பிடித்தேன். "மினிட்ஸ்ல போட்டிருந்தேனே! படிச்சுட்டுத்தானே கட்டைவிரல் காட்டினீங்க?"

"உங்க மினிட்ஸ யாருண்ணே படிப்பா? வந்தா ஒரு கட்டைவிரல், அவ்ளோதான்!"

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். என்ன ஒற்றுமை!

வாரம் தவறாமல் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். படித்த ஒரே ஜீவன் அந்தப் பெண்தான். வருத்தப்பட வேண்டிய செய்தி... எனக்கோ சிரிப்பு வந்தது. நம் தவறுகளில் பாதியை உலகம் கவனிப்பதே இல்லை. இதைவிட ஆறுதல் உண்டா?

கிளம்பும்போது சுகிர்தா பக்கத்தில் வந்தார்.

"அங்கிள், அடுத்த வில்லன் ஆரெண்டு முடிவெடுத்திட்டன். மினிட்ஸில எழுதி வையுங்கோ. அங்கதான் பத்திரமாய் இருக்கும்!"