கடைசிப் பக்கத்தை முதலில் படித்த லேடீஸ் பெட்டி

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வீடு திண்டிவனம். காலை பாசஞ்சரின் லேடீஸ் பெட்டிதான் எங்கள் வாசகசாலை. மாதாமாதம் பங்கு போட்டு ஒரு துப்பறியும் நாவல் வாங்குவோம். சத்தமாகப் படிப்பது நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான். ஆனால் ரயில் சத்தத்தைத் தாண்டுகிற தொண்டை எனக்குத்தான் வாய்த்திருந்தது.

அங்கே ஒரே ஒரு சட்டம். புத்தகம் வந்ததும் கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஊக்குக் குத்திவிட வேண்டும். கொலைகாரன் யாரென்று யாரும் முன்கூட்டிப் பார்த்துவிடக் கூடாது. ஊக்குக்குப் பொறுப்பு தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் அக்கா. அவர் முறைத்தால் டிக்கெட் பரிசோதகரே தன் பையில் டிக்கெட்டைத் தேடுவார்.

பெட்டிக்கு உயிர் கொடுத்தவர் மல்லாட்டைக்கார அக்கா. அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, கூடையில் கட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு விற்கப் போவார். அவர் வாயிலிருந்து உதிர்வதையெல்லாம் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். பேரணி ஸ்டேஷனில் ரயில் நின்று கிடந்தால், "இது ரயிலாடி? பொண்ணு பாக்கப் போற மாப்ள. வாசலுக்கு வாசல் நின்னு தலை சீவிக்கினு வருது" என்பார். நாவலில் இன்ஸ்பெக்டர் இழுத்தடித்தால், "இவன் துப்பு துலக்கறதுக்குள்ள நான் ஊட்டுப் பாத்திரத்தத் துலக்கிக் கவுத்துடுவேன்" என்பார். பெட்டியே குலுங்கும்.

அப்படியிருக்க, ஒரு மாத நாவல் ஹோமில் நடக்கிற கதையாக அமைந்தது. போலீஸ் பிடித்து வருகிற பிள்ளைகளை அடைத்து வைக்கிற ஹோம். அங்கே ஒரு பையன் செத்துப்போகிறான். மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்கிறான் வார்டன். ஹோம் டாக்டரும் அப்படியே சர்டிபிகேட் எழுதிக் கொடுக்கிறார். வார்டன் அடித்ததைப் பார்த்தவள் ஒரு சின்னப் பெண். அவளை விறகு அறையில் தள்ளிப் பூட்டுகிறான். அந்த இடத்தில் விழுப்புரம் வந்துவிட, புத்தகத்தை மூடினேன். மல்லாட்டைக்கார அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிப் போனார்.

மறுநாள் அவரைக் காணோம். அவர் இல்லாமல் நாங்களும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் பார்த்தால், கூடையோடு பக்கத்துப் பெட்டியில் ஏறப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இன்னாக்கா, எங்க மேல கோவமா?"

"உம்மேல இன்னாடி கோவம்? நானும் ஹோம்ல வளந்தவதான். எங்களுக்கும் ஒரு வார்டன் இருந்தான். பூட்டி வெக்க ஒரு ரூம்பும் இருந்துச்சி. அந்தப் பொண்ணு உள்ள கெடக்கறப்ப நான் எப்பிடி மல்லாட்டை உரிச்சித் துன்னுக்கினு கத கேப்பேன்?" கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அது உசுரோட வெளிய வருதா?"

"தெரியலயேக்கா. ஊக்குப் போட்டிருக்கு."

கார்டு விசிலடித்தார். அக்காவை எங்கள் பெட்டிக்கே இழுத்துக்கொண்டு ஏறினேன். விஷயத்தைச் சொன்னதும் எல்லார் கண்ணும் டைப்பிஸ்ட் அக்கா மேல் போயிற்று. அவர் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்தார். ஊக்கைக் கழற்றித் தன் புடவையில் குத்திக்கொண்டார்.

"நாம போட்ட ஊக்குதானே? படி, ஜல்தி."

படித்தேன். அந்தப் பெண் கோர்ட்டில் நிற்கிறாள். வார்டனைப் பார்த்து விரல் நீட்டுகிறாள். பொய் சர்டிபிகேட் கொடுத்த டாக்டரையும் காட்டுகிறாள். இரண்டு பேருக்கும் விலங்கு.

"டாக்டரும் கூட்டுன்னு நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல!" என்று கத்தினார் ஒரு கருவாட்டுக்காரம்மா. கதை மொத்தமும் உடைந்துபோனதில் யாருக்கும் வருத்தமில்லை. மல்லாட்டைக்கார அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, கூடையின் துணியை அவிழ்த்து ஆளுக்கொரு கை அள்ளிப் போட்டார்.

"இப்ப விட்ட எடத்துலேர்ந்து படி."

முடிவு தெரிந்த கதையை அவ்வளவு ஆனந்தமாக நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. வார்டன் வாயைத் திறந்தாலே அக்கா எழுந்து நின்றுவிடுவார். "பூட்டு ராசா, நல்லாப் பூட்டு. உனுக்கு வேற ஒரு பூட்டு ரெடியாகிக்கினு இருக்குது!" டாக்டர் வருகிற பக்கங்களில் டைப்பிஸ்ட் அக்காவே, "வாய்யா, உன்னத்தான் பாத்துக்கினு இருக்கோம்" என்று குரல் கொடுத்தார். மயிலத்தில் ஏறிய புதுப் பெண்கள், யார் வீட்டுச் சண்டை இது என்று முழித்தார்கள்.

கடைசிப் பக்கத்துக்கு மறுபடி வந்து சேர்ந்த காலையில், அக்கா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார்.

"குடு இப்பிடி. இத நான் படிக்கிறேன். ஹோம்ல கத்துக்கினதுல உருப்படியானது இந்த எழுத்து ஒண்ணுதான்."

விரலை வரி மேல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். முண்டியம்பாக்கம் போயிற்று. விழுப்புரமும் வந்து ரயில் நின்றுவிட்டது. என் கடை திறக்கிற நேரம்; ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பெட்டியைக் கூட்ட வந்தவர் துடைப்பத்தால் வாசலைத் தட்டினார்.

"எறங்குங்கம்மா, ஊர் வந்துட்ச்சி!"

அக்கா விரலை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"செத்த இருய்யா. பொண்ணு சாட்சி சொல்லிக்கினு இருக்குது."