புதையல் வேட்டையில் பெயர் இல்லாத பெண்

இன்று செஞ்சிக் கோட்டையில் குழந்தைகளுக்குப் புதையல் வேட்டை. நானும் தன்னார்வலன். கல்யாண மகாலைச் சுற்றிக் காலையிலேயே குறிப்புச் சீட்டுகளை ஒளித்துவைத்தவர், அங்கே புல் வெட்டும் செல்வி அக்கா.

விளையாட்டில் சேர்க்க மகளையும் கூட்டி வந்திருந்தார்.

"ஆன்லைன்ல பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்றார் அமைப்பாளர்.

"இன்னா சார், பொண்ணே நேர்ல நிக்குது. இன்னும் இன்னா பதிவு?"

பதிவு செய்த நாலு பேர் வரவில்லை என்றேன்.

"ரூல்ஸ் தம்பி."

பிள்ளைகள் பரிசோடு பஸ் ஏறியதும், மிச்சச் சீட்டுகளைப் பொறுக்கும்படி அக்காவிடம் சொன்னார்கள். மகளும் ஓடியோடித் தேடினாள்.

"எம்மா, ஏழு கெடச்சிடுச்சி! எனக்கு இன்னா பரிசு?"

அக்கா குப்பைக் கோணியை விரித்துப் பிடித்தார்.

அடுத்த முறை குப்பை பொறுக்கவும் ஆன்லைன் பதிவு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.